என்ஏஎஸ் வாங்கிய பிறகும் மெயில் மெதுவாக இருப்பது ஏன்?

12-10-2025, காலை (மயிலாடுதுறையிலிருந்து வந்த கேள்வி)

அண்ணே, எங்கள் கம்பெனி மெயில் சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது. நாலு டிஸ்க் போட்ட என்ஏஎஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டுகிற டிஸ்க் பெட்டி) வாங்கி, மெயில் முழுவதையும் அதற்கு மாற்றி, என்எஃப்எஸ் மவுண்ட் (அதன் டைரக்டரியை நெட்வொர்க் வழியாக சர்வரில் இணைப்பது) போட்டுவிட்டோம். இடப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் இன்பாக்ஸ் திறக்க முன்பைவிட நேரம் ஆகிறது. பழைய பில்லைத் தேடினால் கேட்கவே வேண்டாம். 10 கிகாபிட் கார்டும் ஸ்விட்சும் போட்டால் பறக்கும் என்கிறார் விற்பனைக்காரர். போடலாமா? மெயிலை வாங்கி அனுப்புவது போஸ்ட்ஃபிக்ஸ், சேமித்து ஆட்களுக்குக் காட்டுவது டவ்காட் 2.3, சேமிக்கும் முறை மெயில்டிர்.

12-10-2025, இரவு

போட வேண்டாம் தம்பி. அந்தக் காசில் ஒரு நல்ல எஸ்எஸ்டி வாங்கி மெயில் சர்வருக்குள் போடுங்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு போல்டரில் 40,000 மெயில் இருக்கிறது. மெயில்டிரில் ஒரு மெயில் என்றால் ஒரு கோப்பு. தலைப்புகளைக் காட்ட ஒவ்வொரு கோப்பையும் திறக்க வேண்டியிருந்தால், ஒவ்வொன்றுக்கும் சர்வர் என்ஏஎஸ்ஸிடம் போய்க் கேட்டுவிட்டு வர வேண்டும். போய்வர 0.3 மில்லி விநாடி என்று வையுங்கள், 12 விநாடி. இதுகூடப் பரவாயில்லை. என்ஏஎஸ் உள்ளே இருப்பது 7200 சுற்று டிஸ்க். ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி விநாடி, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், தலை நகர இன்னும் எட்டு சேர்த்தால் ஒரு கோப்புக்கு ஏறக்குறைய 12 மில்லி விநாடி. 40,000 கோப்புக்கு 480 விநாடி, அதாவது எட்டு நிமிடம். நாலு டிஸ்க் இருப்பதால் நாலில் ஒரு பங்காகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்கிறது.

இவ்வளவு நேரத்தில் கம்பியில் ஓடுவது கொஞ்சம்தான். 1 கிகாபிட் கம்பியே முக்கால்வாசி நேரம் சும்மா கிடக்கும். கல்லணையில் எவ்வளவு திறந்துவிட்டாலும் வயலுக்கு வருவது மடை அளவுதான். உங்கள் மடை டிஸ்க்கின் தலை.

13-10-2025

"எப்படி நம்புவது, அளந்து பார்க்க வழி உண்டா" என்று கேட்டிருந்தீர்கள். சரியான கேள்வி. காசு போடும் முன் அளந்துவிட வேண்டும்.

கும்பகோணத்தில் நான் பார்த்துக்கொள்கிற அரிசி ஆலை ஒன்றின் சர்வரில் செய்ததைச் சொல்கிறேன். மன்னார்குடி கிளை மேனேஜரைப் போனில் பிடித்து, "கொள்முதல் போல்டரைத் திறங்க சார்" என்றேன். இங்கே திரையில் மவுண்ட்ஸ்டாட்ஸ் (என்எஃப்எஸ் கேள்விகளை எண்ணிக் காட்டுகிற கருவி) ஓடுகிறது. கெட்அட்டர், லுக்அப், ஆக்சஸ் என்று கோப்பின் விவரம் கேட்கிற மூன்று வரிகளும் ஏறிக்கொண்டே போகின்றன. ரீட் வரியும் ஏறுகிறது, ஆனால் அதில் வரும் பைட் கணக்கு சொற்பம். பக்கத்து ஜன்னலில் நெட்வொர்க் வரைபடம் தரையோடு தரையாகக் கிடக்கிறது. என்ஏஎஸ் பக்கம் ஐயோஸ்டாட் (டிஸ்க்கின் வேலையை அளக்கிற கருவி) போட்டால் டிஸ்க் நூற்றுக்கு நூறு வேலையில் இருக்கிறது. மேனேஜர் போனில், "வட்டம் சுத்துது சார், சுத்திக்கிட்டே இருக்கு" என்கிறார்.

இந்த நாலையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகமே வராது. படிக்கிற அளவு குறைவு, கேட்கிற கேள்விகள் அதிகம். கேள்வியைக் குறைப்பதுதான் வைத்தியம், அதைச் செய்யத்தான் இண்டெக்ஸ்.

13-10-2025, பிற்பகல்

இண்டெக்ஸ் என்றால் இரண்டு என்பதை முதலிலேயே பிரித்துச் சொல்லிவிடுகிறேன், பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று, டவ்காட் தானாகவே வைத்துக்கொள்கிற இண்டெக்ஸ். எந்த மெயில் படித்தது, எந்த மெயிலின் தலைப்பு என்ன, அனுப்பியவர் யார் என்று இண்டெக்ஸ், லாக், கேஷ் என மூன்று கோப்புகளில் வைத்திருக்கும். இது நிரம்பித் தயாராக இருந்தால் போல்டரைத் திறக்க மெயில் கோப்புகளையே தொட வேண்டாம். இன்னொன்று, மெயிலின் உள்ளே இருக்கிற சொற்களுக்கான தேடல் இண்டெக்ஸ். இது தானாக வராது, நாம் போட வேண்டும்.

உங்கள் அமைப்பில் முதல் வகையும் என்ஏஎஸ்ஸில்தான் கிடக்கிறது, மெயிலோடு சேர்த்து மாற்றிவிட்டீர்கள். மெயில் இடத்தைச் சொல்கிற வரியில் இண்டெக்ஸுக்குத் தனிப் பாதை கொடுத்து அதை சர்வரின் சொந்த எஸ்எஸ்டிக்குக் கொண்டுவாருங்கள். மெயில் அங்கேயே இருக்கட்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கண்ட்ரோல் பாதையை மாற்றாதீர்கள், அது மெயிலோடு என்ஏஎஸ்ஸிலேயே இருக்க வேண்டும். யுஐடி பட்டியல், அதாவது ஒவ்வொரு மெயிலுக்கும் கொடுத்த எண்ணின் பட்டியல், அதில்தான் இருக்கிறது. அது தொலைந்தால் எல்லா மெயிலுக்கும் புது எண் விழும், எல்லோருடைய கம்ப்யூட்டரும் போனும் எல்லா மெயிலையும் முதலிலிருந்து இறக்க ஆரம்பிக்கும். கிளை அலுவலக நெட் அன்று முழுக்கப் படுத்துவிடும். இண்டெக்ஸ் போனால் அப்படி இல்லை. மெயில்டிரில் படித்தது, பதில் போட்டது போன்ற குறிகள் கோப்பின் பெயரிலேயே இருக்கின்றன, டவ்காட் அவற்றைப் பார்த்து இண்டெக்ஸைத் திரும்பக் கட்டிக்கொள்ளும்.

15-10-2025

திருவாரூரிலிருந்து ஒருவர்: "நாங்கள் எம்டிபாக்ஸ் வைத்திருக்கிறோம். அதற்கும் இதே வழிதானா?"

இல்லை சார், தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். எம்டிபாக்ஸில் பல மெயில்களை ஒரே கோப்பில் அடுக்கி வைக்கிறது. எது எங்கே, எது படித்தது என்ற விவரமெல்லாம் இண்டெக்ஸில்தான். அங்கே இண்டெக்ஸும் சரக்கில் ஒரு பாதி. தூக்கி எறிந்துவிட்டுத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கக் கூடாது.

உங்களுக்கு வேறு நல்ல வழி இருக்கிறது. புது மெயிலும் இண்டெக்ஸும் எஸ்எஸ்டியில், பழைய மெயில் மட்டும் என்ஏஎஸ்ஸில். மாற்றுச் சேமிப்புக்கு ஒரு பாதை கொடுத்து, டவ்அட்மின் (டவ்காட்டின் நிர்வாகக் கருவி) ஆல்ட்மூவ் கட்டளையை தினமும் இரவில் ஓடவிட்டால் 30 நாளுக்கு மேற்பட்டவை தானாக அங்கே போய்விடும். பயன்படுத்துகிறவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. ஆனால் எஸ்எஸ்டிக்கு பேக்கப் கட்டாயம்.

உண்மையில் புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு மெயில்டிரைவிட இதுவே எனக்குப் பிடித்த ஏற்பாடு. கோப்பு எண்ணிக்கை குறைகிறது, பேக்கப்பும் சீக்கிரம் முடிகிறது.

15-10-2025, இரவு

மயிலாடுதுறைத் தம்பி மாற்றிவிட்டாராம். இன்பாக்ஸ் உடனே வருகிறது என்கிறார். முதல் தடவை திறக்கும்போது மட்டும் இண்டெக்ஸின் கேஷ் கோப்பைக் கட்ட நேரம் எடுத்தது. அதைத் தவிர்க்க இரவில் டவ்அட்மின் இண்டெக்ஸ் கட்டளையை எல்லோருக்கும் ஓடவிட்டிருக்கலாம். மற்றவர்கள் மாற்றும்போது அப்படிச் செய்யுங்கள்.

அப்புறம், மெயிலை உள்ளே போடுவது யார் என்று பாருங்கள். போஸ்ட்ஃபிக்ஸே நேராகக் கோப்பாக எழுதினால் டவ்காட்டுக்குத் தெரியாது, ஆள் வந்து திறக்கும்போதுதான் இண்டெக்ஸில் ஏறும். எல்எம்டிபி (மெயிலைக் கைமாற்றிக் கொடுக்கிற முறை) வழியாக டவ்காட்டிடம் கொடுத்தால் வரும்போதே ஏறிவிடும். டவ்காட்டைத் தவிர வேறு யாரும் அந்த டைரக்டரியைத் தொடுவதில்லை என்று உறுதியானால் 'வெரி டர்ட்டி சிங்க்ஸ்' என்ற அமைப்பையும் போடலாம். தேவையில்லாமல் டைரக்டரி முழுவதையும் திரும்பத் திரும்பப் படிக்காது.

18-10-2025

மழை பிடித்துக்கொண்டது. இங்கே காலையிலிருந்து கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. அதனால் இதை இன்றே எழுதிவிடுகிறேன்.

ஒருவர், "என்ஏஎஸ் பக்கம் ஏசிங்க் போட்டேன், எழுதுவது பல மடங்கு வேகமாகிவிட்டது, எல்லோரும் போடுங்கள்" என்று எழுதியிருந்தார். போடாதீர்கள். வேகம் எங்கிருந்து வருகிறது? டிஸ்க்கில் எழுதும் முன்பே "எழுதிவிட்டேன்" என்று என்ஏஎஸ் சொல்லிவிடுகிறது. அதை நம்பி நம் சர்வர் அனுப்பிய சர்வருக்கு 250 என்று பதில் சொல்லிவிடும். அஞ்சல் விதிப்படி 250 சொன்ன நிமிடத்திலிருந்து அந்த மெயில் நம் பொறுப்பு, அனுப்பியவர் தன் பிரதியை அழித்துவிடுவார். அந்த நேரத்தில் கரண்ட் போனால் மெயில் உலகத்தில் எங்குமே இல்லை. ஐப்பசி கார்த்திகையில் டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு ஏசிங்க் போடுவது நல்லதில்லை. கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

எழுதும் வேகம் வேண்டுமென்றால் என்ஏஎஸ்ஸில் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை வைத்திருக்கிறவர்கள் எழுதுபதிவுக்கென்று தனி எஸ்எஸ்டி போடலாம். கரண்ட் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். மவுண்ட்டில் ஹார்ட் (என்ஏஎஸ் பதில் தரும்வரை விடாமல் கேட்பது) இருக்க வேண்டும், சாஃப்ட் (பாதியில் கைவிடுவது) வேண்டாம். என்ஏஎஸ் பக்கத்துக் கோப்பு முறைமையில் நோஏடைம் போடுங்கள், படித்ததற்கெல்லாம் நேரம் குறித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. பல டிஸ்க்கைச் சேர்த்து ஓட்டுகிற ரெய்டு முறையில், ரெய்டு 5 என்றால் ஒரு சின்ன எழுத்துக்கு இரண்டு படிப்பு, இரண்டு எழுத்து என்று நாலு வேலை. நாலு டிஸ்க் இருந்தால் ரெய்டு 10 தான் மெயிலுக்கு ஏற்றது.

18-10-2025, இரவு

கரண்ட் என்றதும் இன்னொன்று ஞாபகம் வந்தது. ஒரு அலுவலகத்தில் பார்த்தது, பெயர் வேண்டாம். கரண்ட் வந்ததும் மெயில் சர்வர் முதலில் எழுந்துவிட்டது, என்ஏஎஸ் எழ நேரம் எடுத்தது. மவுண்ட் ஆகாத காலி டைரக்டரியைப் பார்த்து டவ்காட் அங்கேயே எல்லோருக்கும் புது இன்பாக்ஸ் உண்டாக்கிவிட்டது. காலையில் வந்தவர்கள் இன்பாக்ஸ் காலி என்று அலறிவிட்டார்கள். இரவில் வந்த மெயிலெல்லாம் சர்வரின் சொந்த டிஸ்க்கில், மவுண்ட்டுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது.

மவுண்ட் வரும்வரை டவ்காட்டும் போஸ்ட்ஃபிக்ஸும் எழக் கூடாது என்று சிஸ்டம்டியில் (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைப்பது) எழுதிவிடுங்கள், 'ரிக்வயர்ஸ் மவுண்ட்ஸ் ஃபார்' என்ற வரி அதற்குத்தான். மவுண்ட் புள்ளியாக இருக்கிற காலி டைரக்டரியை சேட்டர் கட்டளையால் பூட்டியும் வையுங்கள், அப்போது மவுண்ட் இல்லாவிட்டால் யாராலும் அதில் எழுத முடியாது. யுபிஎஸ் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். அணைக்கும்போது முதலில் மெயில் சர்வர், பிறகு என்ஏஎஸ்.

23-10-2025

தீபாவளி முடிந்து இப்போதுதான் உட்கார்கிறேன். எல்லோருடைய கேள்வியும் தேடலுக்கு வந்துவிட்டது. நல்லது, எனக்கும் இதில்தான் அக்கறை அதிகம். மெயில் வந்து சேர்வது அரை வேலைதான். மூன்று வருடத்துக்கு முந்தைய விலைக் கடிதத்தை விவசாயி எதிரே நிற்கும்போது எடுத்துக் கொடுக்க முடிய வேண்டும்.

தேடல் இண்டெக்ஸ் இல்லாவிட்டால் உள்ளடக்கத் தேடலுக்கு ஒவ்வொரு மெயிலையும் திறந்து, அவிழ்த்து, எழுத்து மாற்றிப் பார்க்க வேண்டும். தமிழ் மெயிலில் அவிழ்க்கும் வேலை அதிகம். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் ஒரு தமிழ்க் குறி 3 பைட். மெயிலில் அனுப்பப் பொதிகிற இரண்டு முறைகளில், அது பேஸ்64இல் பொதிந்து வந்தால் 4 எழுத்து, க்வோட்டட் பிரிண்டபிள் என்றால் 9 எழுத்து. ஆகவே சிலர் சொல்வதுபோல கோப்புகளின் மேல் நேராக கிரெப் (கோப்பில் சொல் தேடுகிற கட்டளை) ஓட்டினால் தமிழ்ச் சொல் பெரும்பாலும் அகப்படாது.

டவ்காட்டில் இப்போது இரண்டு வழி நடைமுறையில் இருக்கிறது. சோலார் (Solr என்ற தேடல் மென்பொருள்) தனி சர்வராக ஓடும், நினைவகம் நிறையக் கேட்கும். ஃப்ளாட்கர்வ், சேப்பியன் நூலகத்தின் மேல் கட்டியது, தனி சர்வர் வேண்டாம், நம்மைப் போன்ற சின்ன இடத்துக்கு இது போதும். 2.3இல் தனியாகச் சேர்க்க வேண்டும், 2.4இல் கூடவே வருகிறது. தன் கோப்புகளை டவ்காட் இண்டெக்ஸ் இருக்கும் இடத்திலேயே வைத்துக்கொள்ளும். எனவே 13ஆம் தேதி சொன்னபடி இண்டெக்ஸை எஸ்எஸ்டிக்குக் கொண்டுவந்தவர்களுக்கு இதுவும் தானாக எஸ்எஸ்டியில் விழும். மெயில் வந்ததுமே தேடல் இண்டெக்ஸில் ஏற்றுகிற ஆட்டோ இண்டெக்ஸைப் போட மறக்காதீர்கள், போடாவிட்டால் முதலில் தேடுகிற ஆள் காத்திருக்க வேண்டியதுதான்.

24-10-2025

"தேடல் வேகமாகிவிட்டது, ஆனால் முன்பு கிடைத்தது இப்போது கிடைக்கவில்லை." பாபநாசத்திலிருந்து.

கிடைக்காதது எது என்று கேட்டேன். "1009" என்று தேடியிருக்கிறார். அது ஒரு நெல் ரகம், மெயிலில் "சிஆர்1009" என்று ஒட்டி எழுதியிருக்கிறது. மெயிலைப் படிக்கிற முறையான ஐமேப்பின் விதி ஆர்எஃப்சி 3501 படி சொல்லின் நடுவிலும் தேட வேண்டும், இண்டெக்ஸ் இல்லாதபோது டவ்காட் அப்படித்தான் தேடியது. ஃப்ளாட்கர்வ் சாதாரணமாகச் சொல்லின் தொடக்கத்தை மட்டும் ஒப்பிடும். நடுவிலும் தேடச் சொல்லி ஓர் அமைப்பு உண்டு, ஆனால் இண்டெக்ஸ் மிகவும் பெருத்துவிடும். ஏடிடி 45, ஏடிடி45 இரண்டும் நமக்கு ஒரே விதை, இண்டெக்ஸுக்கு வேறு வேறு.

ஆலையில் நாங்கள் செய்தது எளிது. சப்ஜெக்ட் வரியில் ரகத்தின் பெயரை இடைவெளி விட்டு எழுதுவது என்று எல்லாக் கிளைக்கும் சொல்லிவிட்டோம். பழைய மெயிலுக்கு ஒட்டியும் பிரித்தும் இரண்டு தடவை தேடுகிறார்கள்.

24-10-2025, இரவு

தமிழ்ச் சொல்லுக்கும் இதே சங்கடம், இன்னும் கொஞ்சம் நுணுக்கமாக. "கொள்முதல்" என்று தேடினால் "கொள்முதலில்", "கொள்முதலுக்கு" வராது. நம் கண்ணுக்கு ஒரே தொடக்கம். கம்ப்யூட்டருக்கு முதல் சொல் ல-வுக்குப் பிறகு புள்ளியில் முடிகிறது, மற்றதில் புள்ளி இருந்த இடத்தில் இகரக் குறி அல்லது உகரக் குறி. எனவே கடைசிப் புள்ளியை விட்டு "கொள்முதல" என்று தேடுங்கள், எல்லாம் வரும். "கும்பகோணம்" என்றால் "கும்பகோண". "உரம்" என்றால் "உர". "நெல்" அப்படியே இருக்கலாம், "நெல்லை", "நெல்லுக்கு" எல்லாம் அதே தொடக்கம்தான்.

29-10-2025

தஞ்சாவூரிலிருந்து ஒரு மேடம் எழுதியதைப் பார்த்து மேலே சொன்னதைத் திருத்த வேண்டியிருக்கிறது. அவர் சர்வரில் "கொள்முதல்" என்று புள்ளியோடு தேடினாலே எல்லாம் வருகிறதாம். ஆனால் வேறொரு வினோதம்: கணக்குப் பாக்கிக்காக "மீதி" என்று தேடினால் சம்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கான மெயில் வந்து குவிகிறது. "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்குகிற அத்தனை கடிதமும். மீதி கேட்டால் மதிப்பிற்குரியவர்கள் எல்லோரும் வரிசையில் வந்து நிற்கிறார்கள் என்று அவரே எழுதியிருந்தார், வாய்விட்டுச் சிரித்தேன்.

காரணம் தேடிப் பிடித்தாயிற்று. சொற்களை இண்டெக்ஸில் ஏற்றும் முன் மாற்றுகிற அவர் வடிகட்டி வரிசையில் ஐசியு நார்மலைசர் (எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது) இருக்கிறது. அதன் வழக்கமான விதியில், தனி இடம் பிடிக்காத குறிகளையெல்லாம் நீக்கு என்று இருக்கிறது. பிரெஞ்சு, ஜெர்மன் எழுத்துகளின் தலைமேல் வரும் குறிகளை எடுக்க அது வசதி. யூனிகோட் பட்டியலில் தமிழ்ப் புள்ளியும் ஈகாரக் குறியும் அதே வகையில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. இகரக் குறி, ஆகாரக் குறி, உகரக் குறி சேரவில்லை. ஆகவே புள்ளி போகிறது, "கொள்முதல்" வேலை செய்கிறது. ஈகாரமும் போகிறது, "மீதி" "மதி" ஆகிவிடுகிறது, "மதிப்பு", "மதியம்", "மதிப்பிற்குரிய" எல்லாம் அதன் தொடக்கம் என்று வந்து சேர்கின்றன.

தன் சர்வரில் என்ன நடக்கிறது என்று அறிய விரும்புகிறவர்கள் டவ்அட்மினில் எஃப்டிஎஸ் டோக்கனைஸ் கட்டளையைப் போட்டு ஒரு தமிழ் வரியைக் கொடுத்துப் பாருங்கள். என்னென்ன துண்டாக இண்டெக்ஸில் ஏறும் என்று அப்படியே காட்டிவிடும். தமிழில் கடிதம் எழுதுகிற எல்லா அலுவலகமும் முதல் நாளே செய்ய வேண்டிய சோதனை இது.

2-11-2025

என் முடிவு: புள்ளியை மட்டும் நீக்கு, ஈகாரத்தைத் தொடாதே என்று விதியை எழுதிக்கொள்ளலாம். சின்ன எழுத்தாக்கு, தமிழ்ப் புள்ளியை நீக்கு, என்எஃப்சிக்கு மாற்று, இவ்வளவுதான். என்எஃப்சி எதற்கு? "கொ" என்பதை ஒகரக் குறி ஒன்றாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும். என்எஃப்சி இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

"ஸ்ரீ" மட்டும் இதற்கும் மசியாது. ஸகரத்தில் எழுதுவது ஒரு வகை, 2005இல் யூனிகோட் 4.1இல் சேர்ந்த ஶகரத்தில் எழுதுவது இன்னொரு வகை. நம் ஊரில் பாதிக் கடைப் பெயர் ஸ்ரீ என்று தொடங்குகிறது. வாடிக்கையாளரைத் தேடும்போது ஸ்ரீயை விட்டுவிட்டு அடுத்த சொல்லைப் போடுங்கள். யூனிகோட் பரவுவதற்கு முன்னால் டாப், டிஸ்கி என்ற பழைய குறியீட்டு எழுத்துருக்களில் வந்த கடிதங்களை இண்டெக்ஸ் கண்டுபிடிக்காது, அவற்றைத் தேதி வைத்துத்தான் தேட வேண்டும்.

விதியை மாற்றினால் பழைய தேடல் இண்டெக்ஸை அழித்துவிட்டு முழுவதும் திரும்பக் கட்ட வேண்டும். கேள்வி புது விதியிலும் இண்டெக்ஸ் பழைய விதியிலும் இருந்தால் ஒன்றும் பொருந்தாது. சனி இரவு ஆரம்பியுங்கள்.

9-11-2025

நாகப்பட்டினத்திலிருந்து: "ஒரே ஒரு மெயில் சர்வர்தான் எங்களுக்கு. என்எஃப்எஸ் தேவையா, ஐஸ்கசி போதாதா?"

போதும். யோசிக்க யோசிக்க இதுவே மேல் என்று தோன்றுகிறது. ஐஸ்கசியில் என்ஏஎஸ் ஒரு டிஸ்க் போல வந்து நிற்கும், மேலே எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைப் போட்டுக்கொள்ளலாம். கோப்பு மாறியிருக்கிறதா என்று அடிக்கடி போய்க் கேட்கும் வேலை இல்லை, படித்தது சர்வரின் நினைவகத்திலேயே நிற்கும். ஆனால் அதை ஒரே நேரத்தில் இரண்டு சர்வரில் மவுண்ட் செய்தால் கோப்பு முறைமை சிதைந்துவிடும். மாற்று சர்வர் வைத்திருப்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

இரண்டு சர்வர் சேர்ந்து ஓட வேண்டுமென்றால் என்எஃப்எஸ்தான், ஆனால் ஒரு பயனர் எப்போதும் ஒரே சர்வருக்குத்தான் போக வேண்டும். 2.3இல் அதற்கு டைரக்டர் இருந்தது, 2.4இல் எடுத்துவிட்டார்கள். கும்பகோணம் அளவுக்கு ஒரு சர்வரும் ஒழுங்கான பேக்கப்பும் போதும் என்பது என் எண்ணம். என்எஃப்எஸ்ஸுக்குப் பதிலாக சாம்பா (விண்டோஸ் வழிப் பகிர்வு) மவுண்ட் கேட்டவருக்கும் இங்கேயே பதில்: மெயில்டிர் கோப்பின் பெயரில் முக்காற்புள்ளி வரும், விண்டோஸ் வழிப் பகிர்வில் அது சிக்கல், வேண்டாம்.

16-11-2025

சர்வரின் லினக்ஸை டெபியன் 13க்கு மாற்றுகிறவர்கள் கவனிக்க: அதில் வருவது டவ்காட் 2.4. பழைய அமைப்புக் கோப்பு அப்படியே ஏறாது. மெயில் இடத்துக்கு இருந்த ஒற்றை வரி இப்போது வகை, பாதை, இண்டெக்ஸ் பாதை என்று பிரிந்துவிட்டது. இண்டெக்ஸ் பாதையை எழுத மறந்துவிட்டால் அது சத்தமில்லாமல் என்ஏஎஸ்ஸுக்கே திரும்பிப் போய்விடும். மாறிய அன்றே எஸ்எஸ்டியில் புதுக் கோப்பு விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள். மெயில்டிர்க்காரர்கள் பழைய தேடல் இண்டெக்ஸைக் காப்பி எடுத்துக்கொண்டு போக வேண்டாம், புதிதாகவே கட்டட்டும்.